கேட்டால் சரி என்றுதான் சொல்லுவார்

என் தோழி ஒருத்தி அடிக்கடி ஒன்று சொல்வாள். "எங்க வீட்டுல எனக்கு முழுச் சுதந்திரம். அவர் இதுவரைக்கும் எதுக்கும் வேண்டாம்னு சொன்னதே இல்லை." பெருமையடிக்கச் சொல்வதில்லை, உள்ளதைத்தான் சொல்கிறாள். அவள் கணவரை எனக்கும் நன்றாகத் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர். அவள் வேலைக்குப் போவதிலோ, தோழிகளோடு வெளியூர் போவதிலோ, வீடு திரும்ப நேரமாவதிலோ அவருக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது. கேட்பவர்கள் "கொடுத்து வச்சவ" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் அவள் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு எங்கேயோ இடறிக்கொண்டே இருந்தது.

எங்கே இடறுகிறது என்று பிடிபட நாளாயிற்று. எதற்கும் மறுத்ததில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறாள், அதனால் தெரியும். சரி, அவர் அவளிடம் கேட்கிறாரா? யோசித்துப் பார்த்தால், அவர் சொல்கிறார். "வியாழக்கிழமை வர லேட் ஆகும்." "அடுத்த மாசம் ரெண்டு நாள் வெளியூர் வேலை." அத்தோடு முடிந்தது. அவள் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "வியாழக்கிழமை போகலாம்னு பார்க்கிறேன், உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?" இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள், இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் உண்டு. ஒருவர் தகவல் தெரிவிக்கிறார், இன்னொருவர் விண்ணப்பம் போடுகிறார்.

ஒருமுறை இதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு களைகட்டியிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று யாரோ சொல்ல எல்லோரும் தலையாட்டினோம். அவள் மட்டும் போனை எடுத்தாள். "வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று தட்டினாள். பிறகு அதை அழித்துவிட்டு, "எல்லாரும் இருக்கச் சொல்றாங்க, இருந்துட்டு வரட்டுமா?" என்று மாற்றினாள். கடைசியில் ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்தாள். அனுப்பிவிட்டு, திரை மேலே தெரிகிற மாதிரி போனை மேசையில் வைத்தாள். பேச்சில் கலந்துகொண்டாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், ஆனால் கண் மட்டும் திரைக்குப் போய்ப் போய் வந்தது. டிக் நீலமானது. பதில் வரவில்லை. அப்புறம் ஒரு கட்டைவிரல் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். முதலில் எழுதியதை ஏன் அழித்தாய் என்று நான் கேட்கவில்லை. அதில் குறை ஒன்றும் இல்லை, அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவும் அதில் இருந்தது. அவர் முடிவு செய்ய இடம் மட்டும் அதில் இல்லை.

தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1651-இல் சுதந்திரத்துக்கு ஒரு வரையறை கொடுத்தார். வெளியிலிருந்து குறுக்கே நிற்கும் தடை எதுவும் இல்லை என்றால் அதுதான் சுதந்திரம். கேட்க எளிமையாக இருக்கும், நம்மில் பெரும்பாலோர் மனசுக்குள் வைத்திருக்கும் வரையறையும் ஏறக்குறைய அதுதான். அந்தக் கணக்குப்படி என் தோழிக்கு நூற்றுக்கு நூறு. அவள் குறுக்கே யார் நின்றார்கள்? ஒருவரும் இல்லை. நானும் வெகுகாலம் இந்தக் கணக்கையே நம்பியிருந்தேன். அது ஆட்டம் கண்டது ஒரு மின்னஞ்சலால்.

அவளுக்கு வேறொரு நகரத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அவள் விண்ணப்பித்த வேலை இல்லை. அவள் செய்திருந்த ஒரு காரியத்தைப் பார்த்துவிட்டு அவர்களாகவே கூப்பிட்டிருந்தார்கள். வந்த செய்தியை என்னிடம் சொன்னபோது, போனதையும் சேர்த்தே சொன்னாள். போனை நீட்டினாள், படித்தேன். மேலே அவர்கள் எழுதியது நீளமாக, உற்சாகமாக இருந்தது. கீழே அவள் பதில் நாலு வரி. நன்றி, தற்போதைய குடும்பச் சூழ்நிலை, பின்னாளில் வாய்ப்பிருந்தால், மீண்டும் நன்றி. இரண்டுக்கும் நடுவில் ஒரு ராத்திரிகூட இல்லை.

"அவர் என்ன சொன்னார்?"

"அவர்கிட்ட சொல்லவே இல்லையே."

"வேண்டாம்னு சொல்லிடுவார்னு நினைச்சியா?"

"சேச்சே. கேட்டா சரின்னுதான் சொல்லுவார். அதனாலதான்டி கேட்கலை."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் விளக்கினாள். அவர் சரி என்பார். பிள்ளையை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்வார். சனி ஞாயிறு அலைவார், அலுத்துக்கொள்ள மாட்டார். "பொண்டாட்டியை இப்படியா அனுப்புறது" என்று உறவுக்காரர்கள் கேட்டால் அவர்களுக்குப் பதில் சொல்லி வாயை அடைப்பார். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு வார்த்தை குத்திக் காட்டவும் மாட்டார். "அப்புறம் ஆயுசு பூரா நான் எப்படி இருக்கணும் சொல்லு. ஒரு நாள் கோபம்கூடப் பட முடியாது."

## சம்மதத்தின் விலை

மறுக்கிறவரோடு சண்டை போடலாம். ஏன் மறுக்கிறீர்கள், உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். தோற்றாலும் நியாயம் நம் பக்கம் இருக்கும். பெருந்தன்மையோடு சம்மதிக்கிறவரிடம் என்ன கேட்பது? நன்றிதான் சொல்ல முடியும். ஒவ்வொரு சம்மதமும் அவள் பேரில் பற்று எழுதப்பட்டுக்கொண்டே போகிறது. நோட்டு அவரிடம் இல்லை, அவர் அப்படி ஒரு கணக்கு இருப்பதே அறியாதவர். எழுதுவது அவள்தான். கடன் ஓர் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வதற்காகவே சிலவற்றை அவள் கேட்காமல் விடுகிறாள். மறுக்கப்பட்டவை என்று பட்டியல் போட்டால் அவளிடம் எதுவும் தேறாது. கேட்கப்படாதவை என்று போட்டால் தாள் போதாது என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. திருமணமான புதிதில் அவர் வேலை மாறியபோது இரண்டு பேருமாக ஊர் மாறினார்கள். அவள் இருந்த வேலையை விட்டுவிட்டுப் போனாள். அதை அவர் கடனாக எங்கேயாவது எழுதி வைத்திருப்பாரா? மாட்டார், அவர் கல்நெஞ்சர் என்பதால் இல்லை. அது அவருக்குக் கிடைத்த சலுகையாக யார் கண்ணுக்கும் படவே இல்லை. நடக்க வேண்டியது நடந்தது, அவ்வளவுதான். ஒரே காரியம் ஒருவருக்கு இயல்பாகவும் இன்னொருவருக்குக் கொடையாகவும் தெரிகிற இடத்தில்தான் சுதந்திரம் பற்றிய பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. யார் தடுத்தார்கள் என்று தேடிக்கொண்டு போனால் கையில் ஒன்றும் சிக்காது.

இந்த நேரத்தில் எனக்கு, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்து எழுத்தாளரான ஃபிரெடரிக் டக்ளஸ் நினைவுக்கு வந்தார். என் தோழியை அடிமை என்று சொல்ல வரவில்லை. அப்படி ஒப்பிட்டால் அவளுக்கும் கோபம் வரும், டக்ளஸ் பட்டதையும் சிறுமைப்படுத்தியது போலாகும். ஆனால் அனுமதி என்ற ஒன்றை அதன் அடிவரைக்கும் போய்ப் பார்த்தவர் அவர். 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் பால்டிமோர் நாட்களைப் பற்றி எழுதுகிறார். கப்பல் பலகைகளின் இடுக்குகளில் நீர் கசியாமல் அடைக்கும் வேலை. கூலி அவர் கைக்கு வரும், வாராவாரம் அதை அப்படியே கொண்டுபோய் ஹியூ ஆல்ட் என்ற எஜமானிடம் கொடுத்துவிட வேண்டும். 6 டாலர் கொண்டுவந்து வைத்தால், ஊக்கப்படுத்துவதற்காக ஆல்ட் சில சமயம் 6 சென்ட் எடுத்துக் கொடுப்பாராம். அது எதிர்மாறாகத்தான் வேலை செய்தது என்கிறார் டக்ளஸ். ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றால் முழுதும் என்னுடையது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த 6 சென்ட்டை வாங்கும்போதெல்லாம் அவருக்கு மனசு குன்றியது.

பிறகு 1838-இல் ஆல்ட் அவருக்கு ஒரு பெரிய சலுகை கொடுத்தார். டக்ளஸ் தானே வேலை தேடிக்கொள்ளலாம், தானே கூலி பேசிக்கொள்ளலாம், தன் நேரம் தன்னுடையது. பதிலுக்கு வாரக் கடைசியில் 3 டாலர் கட்டிவிட வேண்டும். சாப்பாடு, உடை, வேலைக்கான கருவிகள் எல்லாம் அவர் செலவு. மழையோ வெயிலோ, வேலை கிடைத்ததோ இல்லையோ, 3 டாலர் வந்தாக வேண்டும். எஜமானுக்கு இதில் நஷ்டம் துளியும் இல்லை. இருந்தும் டக்ளஸ் அதை விடுதலையை நோக்கிய ஓர் அடி என்றே எடுத்துக்கொண்டு இரவு பகலாக உழைத்தார். மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஒரு சனிக்கிழமை இரவு, நண்பர்களோடு ஊருக்கு வெளியே 10 மைல் தள்ளி நடந்த ஒரு மதக்கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிய நேரமாகிவிட்டதால், திரும்பி வந்து பணத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டார். அங்கே நினைத்ததைவிட ஒரு நாள் கூடுதலாகவும் தங்கிவிட்டார்.

திரும்பி வந்து பணத்தோடு போய் நின்றால் ஆல்ட் கொதித்துக்கொண்டிருக்கிறார். பணம் வந்துவிட்டது, ஆனால் கோபம் அதைப் பற்றியே இல்லை. என்னைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போக உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்பதுதான் கேள்வி. என் நேரத்துக்கு நீங்கள் கேட்ட விலையைக் கொடுக்கிறேன், எப்போது எங்கே போவது என்பதையும் உங்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது என்று டக்ளஸ் பதில் சொல்கிறார். கொஞ்சம் யோசித்த ஆல்ட், இன்றோடு அந்த ஏற்பாடு முடிந்தது, விட்டால் அடுத்து ஓடிப்போவாய், கருவிகளையும் துணிமணியையும் உடனே வீட்டுக்குக் கொண்டு வா என்கிறார். அவ்வளவுதான். மாதக்கணக்கில் அனுபவித்த 'சுதந்திரம்' ஒரு பேச்சில் மறைந்தது. டக்ளஸ் பழிக்குப் பழியாக அந்த வாரம் முழுக்க வேலைக்கே போகவில்லை. அந்த செப்டம்பர் 3 அன்று பால்டிமோரிலிருந்து தப்பினார். அந்தக் கோடை முழுவதும் அவரை யாரும் தடுக்கவில்லைதான். ஹாப்ஸ் கணக்கில் அந்த வாரங்களில் அவர் சுதந்திர மனிதர். அவர் உண்மையில் என்னவாக இருந்தார் என்பது கேட்காமல் போன அந்த ஒரு நாளில்தான் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பழைய ரோமானியர்கள் இதைச் சுற்றி வளைக்காமல் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்வரை மகன் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டவன். வயது 40 ஆனாலும் சரி, நாட்டின் உச்சப் பதவியான கான்சலாகவே இருந்தாலும் சரி, சொத்து அவன் பேரில் இருக்க முடியாது. புழங்குவதற்கென்று தகப்பன் கொஞ்சம் பணம் ஒதுக்கித் தரலாம், நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடிமைகளுக்கு எஜமான்கள் ஒதுக்கித் தந்ததும் அதே ஏற்பாடுதான். பெரும்பாலான தகப்பன்கள் அதை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எடுத்துக்கொள்ள முடியும் என்பது போதும், மகன் அவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகிவிடுவான்.

## "நீ தனியா இருக்கே"

இதையெல்லாம் நான் கொஞ்சம் ஆவேசமாகவே சொல்லிக்கொண்டிருந்தபோது தோழி ஒரே போடாகப் போட்டாள். "நீ தனியா இருக்கே. யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை. ராத்திரி காய்ச்சல் அடிச்சா காலையில வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் சுதந்திரம்னா எனக்கு வேண்டாம்மா தாயே."

சரியான அடி. தடுக்க யாரும் இல்லாததுதான் சுதந்திரம் என்றால், கேட்க நாதியில்லாதவன்தான் உலகத்திலேயே சுதந்திரமானவன் என்றாகும். அப்படி வாழ்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வேறு விதமான சிறுமை. எங்கே போகிறோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்வது, நமக்காக ஒருவர் விழித்திருப்பார் என்பதால் சீக்கிரம் கிளம்புவது, இதிலெல்லாம் சுதந்திரம் குறைந்துவிடுவதில்லை. நானும் எனக்கு வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். கேட்பது என்ற காரியமே இழிவானதும் இல்லை. அவளைப் பற்றி எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன், ஏனென்றால் வாழ்க்கை அவளுடையது. வேலை எந்த ஊர் என்று மட்டும் போடாதே என்றாள், போடவில்லை.

அப்படியானால் கோடு எங்கே போடுவது? யாருடைய விஷயம் அது என்பதில்தான் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்ந்த விஷயத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்கத்தான் வேண்டும். வீடு மாறுவது, பெரிய கடன் வாங்குவது, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது, ஏன், வேறு நகரத்து வேலையும் அப்படித்தான். அந்த அழைப்பை அவள் யாரையும் கேட்காமல் ஏற்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர்கள் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். எனக்கு இது போக வேண்டும் போலிருக்கிறது, உங்களுக்கு இன்னின்ன சிரமம் வரும், என்ன செய்யலாம் என்று பேசும் பேச்சு ஒன்று உண்டு. அதில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. அவள் பயந்தது அந்தப் பேச்சுக்கு இல்லை. அந்த வீட்டில் அப்படியொரு பேச்சுக்கு வழியே இருந்ததில்லை, விண்ணப்பமும் சம்மதமும்தான் இருந்தன. இன்னும் ஒரு மணி நேரம் தோழிகளோடு உட்கார்ந்திருப்பதோ முழுக்க அவள் விஷயம். அதற்கும் விண்ணப்பம் போட்டுப் பழகியவளுக்கு, இரண்டு பேரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய பெரிய விஷயத்திலும் விண்ணப்பத்தைத் தவிர வேறு வடிவம் தெரியவில்லை.

பிள்ளைகள் விஷயம் தனி. அவர்களுக்குப் பெற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக் கொடுக்க முடியும், கொடுத்ததைச் சில சமயம் திரும்ப வாங்கவும் நேரும். ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு கடைசி நாள் குறித்திருக்கிறது. பிரிட்டனில் 1970 ஜனவரி 1 முதல் அந்த நாள் 21-ஆம் பிறந்தநாளிலிருந்து 18-ஆம் பிறந்தநாளுக்கு வந்தது. பிறந்தநாள் வந்துவிட்டால் அதற்கப்புறம் பெற்றவர்கள் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. கடைசி நாள் குறிக்காத அதிகாரம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

## நல்லவர் கையில் இருந்தாலும்

தோழியின் கணவரிடமே ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் உங்களைக் கேட்கிறாளே, ஏன்? அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நான் கேக்கச் சொன்னதே இல்லையே. அவ இஷ்டம்னுதான் எப்பவும் சொல்லுவேன்." பொய் இல்லை. அவர் அந்த அதிகாரத்தைக் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்று அவர் தூக்கிப் போடவும் வழியில்லை, ஏனென்றால் அது அவர் கையில் மட்டும் இருப்பது இல்லை.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இந்த இக்கட்டில் மாட்டியிருக்கிறார். 1851-இல் அவர் ஹேரியட் டெய்லரை மணந்தார். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, திருமணம் ஆனதும் மனைவியின் மீதும் அவள் சொத்தின் மீதும் கணவனுக்கு அதிகாரம் வந்துவிடும். மில்லுக்கு அது பிடிக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிடலாம் என்றால் சட்டத்தில் அதற்கு வழியே இல்லை. திருமணத்துக்கு முன்பு, மார்ச் 6 அன்று, ஒரு காகிதத்தில் எழுதி வைத்தார். இந்த அதிகாரங்களை நான் எதிர்க்கிறேன், சட்டப்படி இவற்றைத் துறக்க எனக்கு வழியில்லாததால், எந்த நிலையிலும் இவற்றைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதியளிக்கிறேன் என்பது அதன் சாரம். படித்தபோது எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், அந்தக் காகிதத்தைக் காப்பாற்றுவதும் மில்தான், மீற நினைத்தால் மீறக்கூடியவரும் மில்தான். அவருக்கே அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 1867-இல் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கும் வாக்குரிமை தரும் திருத்தத்தைக் கொண்டுவந்து, 73-க்கு 196 என்ற கணக்கில் தோற்றார். வீட்டுக்குள் முடியாததை முடிக்க அவர் வெளியே போக வேண்டியிருந்தது. மணமான பெண்கள் சொத்தைத் தம் பேரிலேயே வைத்துக்கொள்ள முழுமையாக வழிசெய்த சட்டம் இங்கிலாந்தில் 1882-இல்தான் வந்தது. ஹேரியட் 1858-லேயே போய்விட்டார், மில் 1873-இல்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. பிரான்சில் மணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பேரில் வங்கிக் கணக்கு தொடங்கவும் முடிந்தது 1965 ஜூலைச் சட்டத்துக்குப் பிறகு. ஸ்பெயினில் கணவன் அனுமதி என்ற ஏற்பாடு 1975 மே மாதம்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. அந்தச் சட்டங்கள் வருவதற்கு முந்தைய நாள்வரை எத்தனையோ கணவர்கள் முகம் கோணாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் மறுநாள் காலை பார்த்தால் எதுவும் மாறியிருக்காது, அதே கணவன், அதே மனைவி, அதே வேலை. அவள் நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பது ஒன்றுதான் மாற்றம். என்னைக் கேட்டால் அது சின்ன மாற்றம் இல்லை.

சமூகத்திலும் இதே கதை பெரிய எழுத்தில் நடக்கிறது. பிரான்சின் நான்காம் ஹென்றி 1598-இல் நான்ட் நகரில் ஓர் அரசாணை பிறப்பித்தார். கத்தோலிக்க நாட்டில் புராட்டஸ்டன்டுகள் தங்கள் வழிபாட்டோடு வாழலாம். அந்த ஆணை நிரந்தரமானது, திரும்பப் பெற முடியாதது என்று அறிவிக்கப்பட்டது. 1685-இல் அவருடைய பேரன் பதினான்காம் லூயி திரும்பப் பெற்றார். நாட்டைவிட்டு வெளியேறவும் தடை. அதையும் மீறி ஏறத்தாழ 2 லட்சம் பேர் வெளியேறினார்கள். கொடுத்தவர் நல்லவர், கொடுத்தபோது மனசாரக் கொடுத்தார். வாரிசுக்கு அந்த மனசு இல்லை, அவ்வளவுதான். ஒரு நூற்றாண்டு கழித்து, 1789 ஆகஸ்டில், ரபோ சேன்ட் எத்தியென் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் தேசிய சபையில் எழுந்து, நாங்கள் கேட்பது சகிப்பை அல்ல, சுதந்திரத்தை என்றார். (1793-இல் புரட்சி அரசே அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பியது வேறு கதை.) சகித்துக்கொள்கிறோம் என்கிறவர் கையில் சகிக்காமல் போகும் உரிமையும் இருக்கிறது என்பது அவருக்குப் பரம்பரையாகத் தெரிந்திருந்தது.

அலுவலகங்களில் இதைத் தினமும் பார்க்கிறோம். இங்கே எல்லோருக்கும் முழுச் சுதந்திரம் என்று சொல்லும் மேலாளர் எல்லா இடத்திலும் இருக்கிறார். நேரத்துக்கு வர வேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், மனசில் பட்டதைப் பேசலாம். பல நேரம் உண்மையாகவே அப்படித்தான் நடக்கும். பிறகு மேலாளர் மாறுவார், அல்லது அதே மேலாளரின் மேலே இருப்பவர் மாறுவார். திங்கட்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வரும். யாரும் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்கள், கொடுத்ததை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இதில் என்னை உறுத்துவது அந்தத் திங்கட்கிழமைகூட இல்லை, அதற்கு முந்தைய நல்ல வருஷங்கள்தான். அந்த வருஷங்களிலும் கூட்டத்தில் கையைத் தூக்குவதற்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

தோழி வீட்டுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு எனக்குக் கடைசியாகத்தான் உறைத்தது. அவர் ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவள் யாரிடம் போவாள்? அம்மாவிடம் போனால், "இத்தனை வருஷத்துல ஒண்ணுக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்காரா? இதுக்குச் சொல்றார்னா ஏதாவது காரணம் இருக்கும்டி" என்பார். மாமியார் வீட்டிலும் அதே பதில்தான், கொஞ்சம் கடுமையாக வரும். தோழிகளிலும் பாதிப்பேர் அப்படித்தான் பேசுவார்கள். இவ்வளவு காலம் அவர் காட்டிய பெருந்தன்மை முழுவதும் அந்த ஒரு மறுப்புக்குப் பின்னால் சாட்சியாக வந்து நிற்கும். எடுத்ததற்கெல்லாம் மறுக்கிறவனுடைய மறுப்புக்கு இந்த எடை கிடையாது, ஊரே அவளுக்காகப் பேசும். நல்லவரின் மறுப்பை மீறினால் மீறுகிறவள்தான் கெட்டவள். அவரை அந்த இடத்தில் உட்கார வைத்திருப்பது அவர் குணம் இல்லை, சுற்றி இருக்கும் நாங்கள் அத்தனை பேரும்தான். "கொடுத்து வச்சவ" என்று சொல்கிற ஒவ்வொருவரும் அந்த நாற்காலிக்கு ஒரு கால் முட்டுக் கொடுக்கிறோம்.

அந்த வேலை போனது போனதுதான், அதற்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அவள் கணவரிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வருத்தப்படுவார், ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றுதான் வருத்தப்படுவார் என்கிறாள். அது உண்மைதான், அந்த வருத்தத்துக்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் சின்னச் சின்ன விஷயங்களில் கேட்பதை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் "இன்னிக்கு ஏழு மணி ஆகும்" என்று மட்டும் அனுப்பியிருக்கிறாள், சிரித்த முகம் இல்லாமல். "யார் கூட?" என்று உடனே பதில் வந்ததாம். இத்தனை வருஷம் அவள் விண்ணப்பத்திலேயே அந்த விவரம் சேர்ந்து போய்க்கொண்டிருந்ததால் அவர் கேட்க வேண்டியிருந்ததில்லை. "முன்னாடியெல்லாம் இப்படிக் கேட்டிருந்தா எனக்கு ஒண்ணும் தோணியிருக்காதுடி, இப்போ என்னமோ கோபமா வருது" என்றாள். என்ன பதில் போட்டாய் என்று கேட்டேன். போடவில்லையாம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்கிறாளாம்.